சங்கமா, சதியா? பென்சில்வேனிய நிலக்கரி ஊரொன்றின் ஹைபர்னியர் கிளையும் ஒற்றரின் சான்றும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலத்து நிலக்கரி ஊர்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்துத் தொழிலாளர்கள் நடத்திவந்த சகோதர சங்கம் ஹைபர்னியர் தொன்மைச் சங்கம் ஆகும். அதன் ஷெனண்டோவா ஊர்க் கிளையில் 1874ஆம் ஆண்டு தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஒற்றர் ஒருவர் உறுப்பினராகச் சேர்ந்தார். அவரது சாட்சியத்தையும் அப்ரூவர்களின் வாக்குமூலத்தையும் முதன்மையாகக் கொண்டு நடந்த வழக்குகளின் விளைவாக 1877 முதல் 1879 வரை 20 பேர் தூக்கிலிடப்பட்டனர். கொலைகள் நடந்தனவா என்பது இக்கட்டுரையின் வினா அன்று, அவை நடந்தன. ஒரு சங்கத்தின் அன்றாட நடைமுறைகள் நீதிமன்றத்தில் சதியின் உறுப்புகளாக எவ்வாறு மாற்றப்பட்டன என்பதும், பகைவரின் ஆவணங்கள் வழியாகவே பெரிதும் அறியக்கிடைக்கும் ஒரு சங்கத்தை வரலாற்றாய்வாளர் எவ்வாறு வாசிப்பது என்பதுமே இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சகோதர சங்கம், ஹைபர்னியர், மாலி மகுவயர், பிங்கர்ட்டன், நிலக்கரிச் சுரங்கம், ஒற்றர் அறிக்கை, அப்ரூவர்.

முன்னுரை

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்த தமிழ் வாசகர்கள் இச்சங்கத்தை வேறொரு பெயரில் முன்னரே சந்தித்திருப்பார்கள். ஆர்தர் கோனன் டாயில் 1914–15இல் தொடராக எழுதிய 'அச்சத்தின் பள்ளத்தாக்கு' நாவலின் பிற்பாதி ஓர் அமெரிக்கச் சுரங்கப் பள்ளத்தாக்கில் நிகழ்கிறது. அங்கே ஒரு சகோதர சங்கத்தின் கிளை கொலைக்கூடமாக இயங்குகிறது. அதற்குள் நுழையும் துணிவுமிக்க துப்பறிவாளர் அதனை அழிக்கிறார். இக்கதைக்கு மூலம் பென்சில்வேனியாவின் ஸ்கூல்கில் மாவட்டத்தில் நடந்த உண்மை நிகழ்ச்சிகள். நாவலாசிரியருக்கு முன்பே, துப்பறியும் நிறுவனத்தின் உரிமையாளரான ஆலன் பிங்கர்ட்டன் 1877இல் தம் பெயரில் ஒரு நூலை வெளியிட்டு, ஒற்றரை நாயகராகவும் சங்கத்தை அரக்கராகவும் நிறுவியிருந்தார். தூக்குமேடைகள் கலைக்கப்படுவதற்கு முன்னரே நூல் விற்பனைக்கு வந்துவிட்டது என்பது கருதத்தக்கது.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இத்தகைய சங்கங்களின் ஊர்க்கிளைகளை ஆங்கிலத்தில் லாட்ஜ் என்பர். தமிழில் அச்சொல் தங்கும் விடுதியைக் குறிப்பதாக நிலைத்துவிட்டமையால், இக்கட்டுரையில் 'கிளை' என்ற சொல்லே ஆளப்படுகிறது.

ஊரும் சுரங்கமும்

கிழக்குப் பென்சில்வேனியாவின் மலைத்தொடர்களுக்கு இடையே ஆந்த்ரசைட் எனப்படும் கடின நிலக்கரி கிடைக்கிறது. புகை குறைவாகவும் வெப்பம் மிகுதியாகவும் தரும் இந்நிலக்கரியே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை நகரங்களின் அடுப்புகளையும் இரும்பு உலைகளையும் எரித்தது. ஷெனண்டோவா இப்பகுதியில் நிலக்கரிக்காகவே தோன்றிய ஊர். 1866இல் பேரூராட்சித் தகுதி பெற்றது. பிற்காலத்தில் லித்துவேனியரும் போலந்தினரும் பெருமளவில் குடியேற, 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 25,774 பேர் வாழ்ந்த ஊராக அது பெருகியது. இங்குப் பேசப்படும் 1870களில் அது இன்னும் மரவீடுகளும் மதுக்கடைகளும் நிலக்கரி உடைப்பாலைகளும் நெருங்கிய ஒரு சிற்றூரே.

சுரங்கத்துக்குள் இன வரிசை ஒன்று இருந்தது. தென்வேல்ஸிலும் இங்கிலாந்திலும் சுரங்கத்தொழில் பழகி வந்தவர்கள் தேர்ந்த சுரங்கத் தொழிலாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தனர். 1840களின் பெரும்பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்தின் வேளாண் ஊர்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு அடியில் கூலியாட்களாக இருந்தனர். தேர்ந்த தொழிலாளி வெடிவைத்து நிலக்கரியைப் பெயர்ப்பார். கூலியாள் அதை வண்டியில் அள்ளி நிரப்புவார். ஊதியம் வண்டிக் கணக்கில். வண்டியில் கல் மிகுதி என்று மேற்பார்வையாளர் கருதினால் கணக்கில் பிடித்தம் விழும். எந்த அறையில் யார் வெட்டுவது, யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பனவெல்லாம் அவர் வாய்ச்சொல்லில் இருந்தன. அந்த மேற்பார்வையாளர் பெரும்பாலும் வேல்ஸ் நாட்டுப் புரொட்டஸ்டண்டாகவும், வேலை கேட்டு நிற்பவர் கத்தோலிக்க அயர்லாந்தினராகவும் இருந்தது பின்னர் நடந்த பலவற்றுக்கும் அடிப்படை. அயர்லாந்தினரிலும் டொனிகால் போன்ற வடமேற்குப் பகுதிகளிலிருந்து வந்த பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. ஐரிஷ் மொழி பேசியவர்கள் அவர்கள். வரலாற்றாய்வாளர் கெவின் கென்னி இவ்வட்டாரத் தொடர்பை 1998இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

சுரங்கச் சாவு அன்றாடமானது. 1869 செப்டம்பர் 6 அன்று ஏவண்டேல் சுரங்கத்தில் தீப்பற்றியது. வெளியேற ஒரேயொரு குழிவாயில்தான் இருந்தது, அதுவும் எரிந்தது. மீட்கச் சென்ற இருவர் உட்பட 110 பேர் இறந்தனர். அதன் பின்னரே 1870இல் பென்சில்வேனியச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு நட்ட ஈடு தரும் சட்டக் கடமை நிறுவனத்துக்கு இருக்கவில்லை. அடக்கச் செலவுக்கும் கைம்பெண்ணின் அரிசிப்பானைக்கும் (அவர்கள் நாட்டில் உருளைக்கிழங்குப் பானை என்று கொள்க) சக தொழிலாளரையே நாடவேண்டியிருந்தது.

சங்கத்தின் அமைப்பு

ஹைபர்னியா என்பது அயர்லாந்தின் இலத்தீன் பெயர். ஹைபர்னியர் தொன்மைச் சங்கம் 1836இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. நட்பு, ஒற்றுமை, கிறித்தவ ஈகை ஆகியவை அதன் முழக்கங்கள். அயர்லாந்தினரும் கத்தோலிக்கருமான ஆண்களே உறுப்பினராகலாம். சந்தா செலுத்துவதும், நோயுற்ற உறுப்பினருக்கு உதவுவதும், இறந்தவரைச் சிறப்புற அடக்கம் செய்வதும், புனித பாட்ரிக் நாளில் ஊர்வலம் செல்வதும் அதன் வெளிப்படையான பணிகள். பென்சில்வேனியச் சட்டமன்றமே 1871இல் அதற்குப் பட்டயம் வழங்கியது. ஆகவே சட்டத்தின் பார்வையில் அது தலைமறைவு அமைப்பன்று.

ஒவ்வோர் ஊர்க்கிளைக்கும் 'பாடிமாஸ்டர்' எனப்பட்ட தலைவரும் செயலரும் பொருளாளரும் இருந்தனர். மாவட்டத்துக்கு ஒரு பிரதிநிதி. உறுப்பினராகச் சேர்பவர் மண்டியிட்டு உறுதிமொழி ஏற்பார். உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள மறைசொற்களும் கைச்சைகைகளும் இருந்தன. இவை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறும். கடல்கடந்த தலைமையிடமிருந்து நியூயார்க் வழியாக ஊர்க்கிளைகளை வந்தடையும். தெருவில் எதிர்ப்படும் இருவர் காலநிலை பற்றியோ நாட்டு நடப்பு பற்றியோ பேசுவதுபோன்ற கேள்வியும் விடையுமாக அவை அமைந்திருந்தன.

இம்மறைசொற்களைப் பிற்காலத்து வாசகர் ஐயத்துடன் நோக்குவது இயல்பு. ஆனால் அக்கால அமெரிக்காவில் ஃப்ரீமேசன், ஆட்ஃபெல்லோஸ், பிதியஸ் வீரர்கள் முதலிய சங்கங்கள் அனைத்திலும் உறுதிமொழியும் மறைசொல்லும் சடங்கும் உண்டு. மேற்பார்வையாளர்களும் வழக்குரைஞர்களும் அவற்றில் உறுப்பினராக இருந்தனர். எவரும் அதைக் குற்றமாகக் கருதவில்லை. மறைசொல்லுக்கு நடைமுறைப் பயனும் இருந்தது. ஒரு சுரங்கத்தில் வேலை இழந்தவர் அடுத்த ஊருக்கு நடந்து செல்கிறார். அங்கே தாம் உறுப்பினர் என்று காட்ட அவருக்கு ஓர் அடையாளம் வேண்டும். சந்தா செலுத்தாதவர் உதவி பெற்றுச் செல்வதைத் தடுக்கக் கிளைக்கும் ஓர் அடையாளம் வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறும் சொல், சந்தா நிலுவை உள்ளவரைத் தானாகவே வடிகட்டிவிடும்.

கிளைகள் கூடுமிடம் பெரும்பாலும் மதுக்கடை. ஷெனண்டோவா கிளையின் தலைவர் மைக்கேல் லாலர் மதுக்கடை நடத்தியவர். ஜிரார்ட்வில்லில் 'ஹைபர்னியன் ஹவுஸ்' என்ற கடையை நடத்திய ஜான் கீஹோ மாவட்டப் பிரதிநிதியாகவும் அவ்வூரின் காவல் அலுவலராகவும் இருந்தார். லான்ஸ்ஃபோர்டில் அலெக்சாண்டர் கேம்பல், டமாக்வாவில் ஜேம்ஸ் கரோல் ஆகியோரும் கடைக்காரர்களே. சுரங்கத்தில் இடம் மறுக்கப்பட்டவர் கடை வைப்பதும், கடை வைத்தவர் ஊர் அரசியலில் வாக்குத் திரட்டுபவராவதும், அவரே சங்கத் தலைவராவதும் ஒரே பாதையின் படிகள்.

பெயர் வைத்தவர் யார்?

'மாலி மகுவயர்' என்பது அயர்லாந்தில் 1840களில் நிலக்கிழார்களுக்கும் அவர்தம் முகவர்களுக்கும் எதிராக இரவில் பெண் வேடமிட்டுத் தாக்கியவர்களுக்கு வழங்கிய பெயர். பென்சில்வேனியாவில் அப்பெயரை முதன்முதலில் அச்சில் ஏற்றியவர் பாட்ஸ்வில் நகரின் 'மைனர்ஸ் ஜர்னல்' இதழாசிரியர் பெஞ்சமின் பேனன், ஆண்டு 1857. குடியேறிய கத்தோலிக்கரை வெறுத்த அரசியல் அவருடையது. அப்போது அவர் குறிப்பிட்டது கொலைகாரரையன்று. தேர்தலில் அயர்லாந்தினரின் செல்வாக்கை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் கட்டாயப் படைச்சேர்ப்புக்கு எதிர்ப்பு எழுந்தபோதும், அதையொட்டிச் சில கொலைகள் நடந்தபோதும் அதே பெயர் அவற்றின்மீது ஒட்டப்பட்டது. எந்த அமைப்பும் தன்னை அப்பெயரால் அழைத்துக்கொண்டதற்குச் சங்கத்தின் பக்கத்திலிருந்து ஓர் ஆவணமும் சான்றாக முன்வைக்கப்படவில்லை.

ஃபிராங்க்லின் கோவன் இவ்வரலாற்றின் நடுநாயகம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஸ்கூல்கில் மாவட்ட அரசு வழக்குரைஞராக இருந்த இவர், பின்னர் பிலடெல்பியா–ரீடிங் இரயில் நிறுவனத்தின் தலைவரானார். நிலக்கரியைச் சுமக்கும் இரயிலோடு நிறுத்தாமல் 1870களின் முற்பகுதியில் நிலக்கரி நிலங்களையும் பெருமளவில் வாங்கிக் குவித்தார். அவருக்குத் தடையாக நின்றது ஜான் சைனி 1868இல் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கம். வேல்ஸ், ஆங்கில, அயர்லாந்துத் தொழிலாளர்களை ஒரே குடையின்கீழ்க் கொணர்ந்த அத்தொழிற்சங்கம் வன்முறையை வெளிப்படையாக எதிர்த்தது. 1871இல் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சான்றளித்த கோவன், இரவில் கூடி ஆட்களின் உயிரைப் பறிக்க முடிவெடுக்கும் ஓர் இரகசிய அமைப்பு உள்ளதென்று குறிப்பாகக் கூறினார். ஒற்றர் அனுப்பப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. முடிவு முதலில் எழுதப்பட்டு, சான்று பின்னர் தேடப்பட்டது என்பதே இக்கால வரிசையிலிருந்து பெறத்தக்க பொருள்.

ஒற்றர்

1873 அக்டோபரில் கோவனும் பிங்கர்ட்டனும் உடன்பாடு செய்துகொண்டனர். சிகாகோ பெருந்தீயாலும் 1873 நிதி நெருக்கடியாலும் தளர்ந்திருந்த பிங்கர்ட்டன் நிறுவனத்துக்கு அது வேண்டிய வேலை. அயர்லாந்தின் ஆர்மா வட்டாரத்தில் பிறந்த கத்தோலிக்கரான ஜேம்ஸ் மெக்பார்லன், 'ஜேம்ஸ் மெக்கென்னா' என்ற பெயரில் நிலக்கரி ஊர்களுக்கு அனுப்பப்பட்டார். பாட்டு, ஆட்டம், குடி, அடிதடி ஆகியவற்றால் மதுக்கடைகளில் விரைவில் நட்புகளைத் தேடிக்கொண்டார். கையில் எப்போதும் பணம் இருப்பதற்குக் காரணம் காட்டக் கள்ளநோட்டு மாற்றுபவராக நடித்தார். 1874இன் தொடக்கத்தில் ஷெனண்டோவாவில் லாலரின் வீட்டில் தங்கினார். ஏப்ரல் 14 அன்று அங்கேயே மண்டியிட்டு உறுதிமொழி ஏற்று உறுப்பினரானார். பின்னர்க் கிளையின் செயலராகவும் ஆனார்.

கூட்ட நடவடிக்கைகளை எழுதவேண்டிய செயலரே ஒற்றராக இருந்தார் என்பது ஆய்வாளர் நின்று நோக்கவேண்டிய இடம். கிளையின் நினைவும் பகைவரின் நினைவும் ஒரே கையால் எழுதப்பட்டன. அவ்வறிக்கைகளும் அவர் எழுதியபடியே கோவனிடம் சேரவில்லை. பிலடெல்பியாவில் இருந்த பிங்கர்ட்டன் கண்காணிப்பாளர் பெஞ்சமின் ஃபிராங்க்லின் (அமெரிக்க விடுதலைப் போராட்டத்தின் புகழ்பெற்ற மனிதர் அல்லர், அதே பெயருடைய வேறொருவர்) அவற்றைச் சுருக்கி, 'முகவர்' என்று படர்க்கையில் மாற்றி, வாடிக்கையாளருக்கு அனுப்பினார். பணம் கொடுப்பவர் படிப்பதற்காக எழுதப்பட்டவை அவை. இறப்புவீட்டுக் கூடல்கள், நடன இரவுகள், தலைவர் பதவிக்கான சச்சரவுகள் ஆகியன பின்னாளில் வந்த பிங்கர்ட்டனின் நூலில் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆயினும் அவை அனைத்தும் கொலைத்திட்டத்துக்குப் பின்னணியாகவே அங்கு வைக்கப்பட்டுள்ளன.

1875

1875 ஜனவரியில் நிறுவனங்கள் ஊதியத்தைக் குறைக்க, தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆறு மாதம் நீடித்த அப்போராட்டம் ஜூனில் பட்டினியில் முடிந்தது. 20 விழுக்காடு குறைந்த ஊதியத்துக்கு அவர்கள் சுரங்கம் திரும்பினர். சைனியின் தொழிற்சங்கம் அழிந்தது.

கொலைகள் அதன் பின் நெருங்கி வந்தன. ஜூலை 6 அன்று டமாக்வாவின் காவலர் பெஞ்சமின் யோஸ்ட். ஆகஸ்ட் 14 அன்று ஷெனண்டோவாவில் கோமர் ஜேம்ஸ். செப்டம்பர் 1 அன்று ரேவன் ரன்னில் மேற்பார்வையாளர் தாமஸ் சாங்கரும் உடன்சென்ற வில்லியம் யூரனும். செப்டம்பர் 3 அன்று லான்ஸ்ஃபோர்டில் மேற்பார்வையாளர் ஜான் ஜோன்ஸ். இவற்றின் காரணங்கள் ஒன்றல்ல. யோஸ்ட் குடித்துவிட்டுத் திரிந்தவர்களை அடித்த காவலர். கோமர் ஜேம்ஸ் 1873இல் ஓர் அயர்லாந்தினரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு விடுதலையான வேல்ஸ் இளைஞர். சாங்கரும் ஜோன்ஸும் வேலை மறுத்தவர்கள் என்ற பகைக்கு இலக்கானவர்கள். நீதிமன்றம் தமக்கு நீதி தராது என்று நம்பிய ஒரு சமூகம் பழைய நாட்டின் பழிவாங்கும் முறையை இங்கே பின்பற்றியது என்று கென்னி விளக்குகிறார். அவர் சுட்டும் காலவரிசை வலுவானது: தொழிற்சங்கம் வலுவாக இருந்த ஆண்டுகளில் இத்தகைய கொலைகள் மிகக் குறைந்திருந்தன, அது தளர்ந்து வீழ்ந்தபோது மீண்டும் எழுந்தன. கோவன் தொழிற்சங்கத்தையும் கொலைகளையும் ஒன்றெனக் காட்டியதற்கு இது நேர் எதிரானது.

இவற்றில் சில திட்டங்களை மெக்பார்லன் முன்கூட்டியே அறிந்திருந்தார். வில்லியம் தாமஸ் என்ற வேல்ஸ்காரரைக் கொல்வது பற்றி 1875 ஜூனில் மகனாய் சிட்டியில் நடந்த கூட்டத்தில் அவரும் இருந்தார். அம்மாத இறுதியில் தாமஸ் சுடப்பட்டு உயிர்தப்பினார். ஏன் முன்னெச்சரிக்கை செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்டபோது, தம் உயிருக்கு அஞ்சியதாக மெக்பார்லன் விடையளித்தார். தடுக்கக்கூடிய கொலையைத் தடுக்காமல், சில இடங்களில் தூண்டியும் விட்ட ஒற்றர் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இவ்வாதம் முழுதும் மெய்ப்பிக்கப்பட்டதென்று சொல்லவியலாது. முழுதும் தள்ளத்தக்கதும் அன்று.

வன்முறை ஒரு பக்கத்தது மட்டுமன்று. 1875 டிசம்பர் 10 விடியலில் முகமூடியணிந்த ஆட்கள் விக்கன்ஸ் பேட்ச் என்ற குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள் புகுந்து சார்லஸ் ஓடோனலையும் எலன் மெக்கலிஸ்டர் என்ற இளம்பெண்ணையும் சுட்டுக் கொன்றனர். கொலையில் தொடர்புடையோர் என்று மெக்பார்லன் தந்த பெயர்கள் அதற்கு முன்னரே பட்டியலாக வெளியே உலவியிருந்தன. ஒரு பெண் கொல்லப்பட்டதை அறிந்த அவர், இதற்குத் தாம் உடன்பட முடியாதென்று பதவி விலகும் விருப்பத்தை எழுதியனுப்பினார். அக்கடிதம் அவரது அறிக்கைகளிலேயே மிகவும் மனிதத்தன்மை வாய்ந்தது. விலகல் ஏற்கப்படவில்லை; விக்கன்ஸ் பேட்ச் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

நீதிமன்றத்தில்

வழக்குகள் 1876 ஜனவரியில் மாக் சங்க் நகரில் தொடங்கின. அங்கு அரசுத் தரப்பில் வாதிட்டவர்களுள் ஒருவரான சார்லஸ் ஆல்பிரைட் உள்நாட்டுப் போர்த் தளபதிக்குரிய சீருடையில் நீதிமன்றத்துக்கு வந்தார். மே மாதம் பாட்ஸ்வில்லில் மெக்பார்லன் தம் உண்மைப் பெயரோடு சாட்சிக்கூண்டில் ஏறினார். அரசுத் தரப்புக்காக வாதிட்டவர்களில் கோவனும் ஒருவர். இரயில் நிறுவனத் தலைவரே குற்ற வழக்கில் வழக்குரைஞராக நின்றார். கைதுகளைச் செய்த 'நிலக்கரி–இரும்புக் காவல்' என்பதும் நிறுவனங்கள் ஊதியம் தந்த தனியார் படையே. தனியார் நிறுவனம் விசாரணையைத் தொடங்க, தனியார் துப்பறிவாளர் சான்று திரட்ட, தனியார் காவலர் கைது செய்ய, நிறுவன வழக்குரைஞர் வாதிட, அரசு நீதிமன்றக் கட்டடத்தையும் தூக்குமேடையையும் மட்டுமே தந்தது என்று வரலாற்றாய்வாளர் ஹரால்ட் ஆரண்ட் இதனை மதிப்பிடுகிறார். பாட்ஸ்வில் வழக்குகளில் நடுவராக அமர்ந்த சைரஸ் பெர்ஷிங் 1875இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். அவரை வென்ற ஜான் ஹார்ட்ரான்ஃப்ட்டே பின்னர்த் தூக்குத்தண்டனை ஆணைகளில் கையொப்பமிட்டார்.

ஜூரிகளில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் இடம்பெறவில்லை. பெரும்பாலோர் பென்சில்வேனிய ஜெர்மானியர். சிலருக்கு ஆங்கிலம் நன்கு தெரியாது. முக்கிய அப்ரூவரான ஜேம்ஸ் கெரிகன் டமாக்வா கிளையின் தலைவர். யோஸ்ட் கொலையிலும் ஜோன்ஸ் கொலையிலும் தாமே தொடர்புடையவர். யோஸ்டைக் கொன்றவர் தம் கணவரே என்று அவருடைய மனைவி சாட்சியளித்தார். ஜூரி அதைப் பொருட்படுத்தவில்லை.

இவற்றைவிட ஆழமான மாற்றம் சான்றின் தன்மையில் நிகழ்ந்தது. இப்பகுதியில் ஹைபர்னியர் சங்கமும் மாலி மகுவயரும் ஒன்றே என்று மெக்பார்லன் கூறினார். அது ஏற்கப்பட்டவுடன் சங்கத்தின் ஒவ்வோர் இயல்பான உறுப்பும் வேறு பொருள் கொண்டது. வெளியூர் உறுப்பினரை அறிய உதவிய மறைசொல், அறிமுகமில்லாத கொலையாளிகளை வரவழைக்கும் கருவியாயிற்று. ஓர் ஊர்க்கிளை மற்றோர் ஊர்க்கிளைக்கு உதவும் வழக்கம், ஒரு கொலைக்கு மறுகொலை என்ற கைம்மாற்றாயிற்று. சந்தா, சதிகாரரின் தற்காப்பு நிதியாயிற்று. மதுக்கடை திட்டமிடும் அறையாயிற்று. தலைவர் பதவியில் இருந்ததே கட்டளையிட்டதற்குச் சான்றாயிற்று.

அலெக்சாண்டர் கேம்பலின் வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டும். ஜோன்ஸ் சுடப்பட்ட இடத்தில் கேம்பல் இல்லை. கொலையாளிகள் அவருடைய கடையில் தங்கினர், அவர் திட்டத்தை அறிந்திருந்தார் என்பதே வழக்கு. அதற்கு அவர் தூக்கிலிடப்பட்டார். கொலையாளிகளுக்கு இடம் கொடுத்தவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. கடையைத் தேடிவரும் உறுப்பினருக்கு இடம் கொடுப்பது கிளைத்தலைவரின் கடமை என்றிருந்த ஓர் ஊரில், எந்த இரவு எந்த நோக்கத்தோடு வந்தவருக்குக் கதவு திறந்தார் என்பதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். சங்கமே சதி என்ற முடிவு அந்தச் சுமையை அரசுத் தரப்பின் தோளிலிருந்து இறக்கிவைத்தது.

1877 ஜூன் 21 அன்று ஒரே நாளில் 10 பேர் தூக்கிலிடப்பட்டனர். பாட்ஸ்வில்லில் 6 பேர், மாக் சங்கில் 4 பேர். கீஹோவின் முறை 1878 டிசம்பர் 18 அன்று வந்தது. அவர்மீது சாட்டப்பட்டது 1870களின் கொலை எதுவுமன்று. 1862இல் அடிபட்டு இறந்த ஃபிராங்க் லாங்டனின் கொலை. 14 ஆண்டுகள் கழித்து அவ்வழக்கு எடுக்கப்பட்டதற்கு, அவர் மாவட்டப் பிரதிநிதி என்பதைத் தவிர வேறு காரணம் தேடுவது கடினம்.

சான்றுகளை வாசித்தல்

இந்திய வரலாறு பயின்றோர்க்கு இச்சூழல் புதிதன்று. 1836ஆம் ஆண்டின் தக்கர் ஒழிப்புச் சட்டம், தக்கர் கூட்டத்தைச் சேர்ந்திருத்தலையே வாழ்நாள் சிறைக்குரிய குற்றமாக்கியது. அங்கும் அப்ரூவர்களே சான்றின் தூண்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது; 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. செயலை விட்டுச் சேர்ந்திருத்தலைத் தண்டிக்கும் சிந்தனை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நாடுகளில் ஒரே காலத்தில் வலுப்பெற்றிருந்ததைக் காண்கிறோம். பென்சில்வேனியாவில் அதற்கெனத் தனிச் சட்டம்கூட இயற்றப்படவில்லை; வழக்குரைஞரின் வாதமும் நடுவரின் அறிவுரையும் போதுமானவையாக இருந்தன.

இரணஜித் குஹா 1983இல் எழுதிய கட்டுரையில், கிளர்ச்சியை அடக்கியவர்களின் ஆவணங்களை அவற்றின் குறியீடுகளைத் தலைகீழாக்கி வாசிக்கும் முறையை முன்வைத்தார். மெக்பார்லன் அறிக்கைகளுக்கு அம்முறை ஓரளவே பொருந்தும். குஹா காட்டும் அதிகாரி வெளியிலிருந்து பார்ப்பவர்; இங்கோ எழுதுபவர் கிளையின் செயலர், உடன் குடித்தவர், இறப்புவீட்டில் உடன் அழுதவர். அவர் கூறும் சிறு செய்திகள் பல உண்மையாகவே இருக்கும். பொய் பெரும்பாலும் செய்தியில் இல்லை. செய்திகளைக் கோத்த நூலில் உள்ளது. ஆகவே அறிக்கைகளை முழுதும் ஒதுக்கும் போக்கும் முழுதும் ஏற்கும் போக்கும் ஒருசேரத் தவறாகும். 1932இல் எழுதிய ஆண்டனி பிம்பா, மாலி மகுவயர் என்ற அமைப்பே நிறுவனங்களின் கட்டுக்கதை என்று கொண்டார். தூக்கிலிடப்பட்டோரைத் தொழிலாளர் தியாகிகளாக்கும் அவ்வாதம் சாங்கரின் கைம்பெண்ணுக்கு விடை சொல்லாது. 1964இல் எழுதிய வேய்ன் பிரோல் நிறுவன ஆவணங்களை நுணுகிப் பயன்படுத்தியவர்; எனினும் அவற்றின் சட்டகத்தை விட்டு முழுமையாக வெளியேறவில்லை. கென்னியின் நூலே வன்முறையையும் சங்கத்தையும் பிரித்தறிய முயன்றது. சில கிளைகளின் சில உறுப்பினர், சங்கத்தின் வலைப்பின்னலைப் பழிவாங்கலுக்குப் பயன்படுத்தினர் என்பதே சான்றுகள் தாங்கக்கூடிய எல்லை என்று தோன்றுகிறது.

வழக்குகளுக்குப் பின்

சங்கத்தின் தேசியத் தலைமை நிலக்கரிப் பகுதிக் கிளைகளைத் துண்டித்துக்கொண்டது. பேராயர் ஜேம்ஸ் உட் மாலி மகுவயரைத் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று கண்டித்தார். உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வதே ஆபத்தாகிவிட்ட ஊர்களில் நோய்க்கும் சாவுக்கும் இருந்த துணை அறுந்தது.

1869இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட 'உழைப்பு வீரர்கள்' என்ற தொழிலாளர் அமைப்பும் உறுதிமொழி, மறைசொல், சடங்கு ஆகியவற்றோடு இயங்கியதே. மாலி மகுவயர் வழக்குகளுக்குப் பின் அதன் மீதும் திருச்சபையின் ஐயம் விழுந்தது. 1879இல் தலைமையேற்ற டெரன்ஸ் பவுடர்லியின் முயற்சியால் 1882 ஜனவரி முதல் அவ்வமைப்பு இரகசியத்தைக் கைவிட்டது.

கோவன் 1889இல் வாஷிங்டன் நகர விடுதி அறையொன்றில் துப்பாக்கிக் குண்டுக்கு இறந்து கிடந்தார். தற்கொலை என்று முடிவு செய்யப்பட்டது. மெக்பார்லன் பிங்கர்ட்டன் நிறுவனத்தில் உயர்ந்தார். 1906இல் ஐடஹோ மாநில முன்னாள் ஆளுநர் ஸ்டூனன்பர்க் கொலை வழக்கில், குற்றவாளியான ஹாரி ஆர்ச்சர்டைச் சிறையில் சந்தித்து, பென்சில்வேனிய அப்ரூவர்கள் உயிர்தப்பிய கதையைச் சொல்லி வாக்குமூலம் பெற்றார். அவ்வாக்குமூலம் மேற்கு மாநிலச் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர்களைச் சதிகாரர் என்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வென்ற அதே முறைதான். ஆனால் இம்முறை அப்ரூவரின் சொல்லுக்குத் துணைச்சான்று தேவை என்று நீதிமன்றம் வற்புறுத்தியது. 1907 ஜூலையில் பில் ஹேவுட் விடுதலையானார்.

கீஹோவின் வழிவந்தோர் அவர் பெயரைத் தூய்மைப்படுத்த நெடுங்காலம் முயன்றனர். 1979 ஜனவரியில், பதவிக்காலம் முடியும் தறுவாயில், ஆளுநர் மில்டன் ஷாப் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். தூக்கிலிடப்பட்டு அப்போது 100 ஆண்டுகள் கடந்திருந்தன. மன்னிப்பு லாங்டன் கொலைவழக்கில் கீஹோ ஒருவருக்கானது. அவர் பிரதிநிதியாக இருந்த சங்கத்தைப் பற்றி 1876இல் பாட்ஸ்வில் நீதிமன்றம் ஏற்ற விளக்கத்தை அது தொடவில்லை.